புளூட்டோவின் பாதையில் நெப்டியூனின் சுவடு

1979 பிப்ரவரி முதல் 1999 பிப்ரவரி வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. ஒன்றின் பாதைக்குள் மற்றொன்று இப்படிப் புகுந்து வெளியேறுமானால், என்றாவது ஒருநாள் இரண்டும் மோதிக்கொள்ளாதா? பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான். குறுங்கோள்களின் இயக்கத்தைப் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

புளூட்டோ சூரியனைச் சுற்றிவர 248 ஆண்டுகள் ஆகின்றன. அதன் நீள்வட்டம் மிகவும் நீண்டது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், புளூட்டோ 29.7 அலகு வரை நெருங்கி 49.3 அலகு வரை விலகுகிறது. பூமியின் பாதைத் தளத்துக்கு அந்த நீள்வட்டம் 17 பாகை சாய்ந்தும் இருக்கிறது. இந்தச் சாய்வால்தான் மோதல் தவிர்கிறது என்று பல நூல்கள் முடித்துவிடுகின்றன. அது பாதி விடையே. மற்றக் கோள்களின் ஈர்ப்பால் பாதைகள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். இன்று விலகிச் செல்லும் இரு பாதைகள் பின்னொரு காலத்தில் சந்திக்க இடமுண்டு.

உண்மையான காவல் கால ஒழுங்கில் இருக்கிறது. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. அதனால் புளூட்டோ சூரியனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் நெப்டியூன் ஏறத்தாழக் கால் வட்டம் முன்னாலோ பின்னாலோ நிற்கும். இரண்டும் ஒரே திசையில் வரும்போதோ புளூட்டோ தன் பாதையின் தொலைக்கோடியில் இருக்கும். இந்த ஒழுங்கு சற்றுப் பிசகினாலும் நெப்டியூனின் ஈர்ப்பே அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடும் அந்த அசைவுக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகள். கோகன், ஹப்பார்ட் என்னும் இருவர் கணினியில் 1,20,000 ஆண்டுகளின் இயக்கத்தைக் கணக்கிட்டு, 1965இல் இதை நிறுவினார்கள். நெப்டியூனை 17 அலகுக்குள் நெருங்காத புளூட்டோ, யுரேனஸை அதைவிட அருகில் அணுகக்கூடும் என்பது வியப்பாக இல்லையா?

நெப்டியூனோடு இந்தப் பிணைப்பு எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்தியாவில் பிறந்த வானியலாளர் ரேணு மல்ஹோத்ரா 1993இல் ஒரு விடை தந்தார். சூரியக் குடும்பத்தின் இளமையில் நெப்டியூன் எண்ணற்ற சிறு பொருள்களைச் சிதறடித்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் அதன் பாதையே வெளிப்புறமாக நகர்ந்தது. கிட்டத்தட்ட வட்டப் பாதையில் இருந்த புளூட்டோ, நகர்ந்து வந்த அந்த மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் சிக்கி, அதனோடு வெளியே தள்ளப்பட்டது. தள்ளத் தள்ள அதன் வட்டம் நீள்வட்டமாயிற்று. இன்றைய நீட்சியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், நெப்டியூன் குறைந்தது 5 அலகு நகர்ந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. சிறியதோர் உலகின் பாதை, பெருங்கோள் ஒன்றின் பழைய பயணத்துக்கு அளவுகோலாகிவிட்டது.

இந்த விளக்கம் சரியானால் அதே விகிதத்தில் வேறு பலவும் சிக்கியிருக்க வேண்டும். சிக்கியிருந்தன. 2004இல் கண்டறியப்பட்ட ஆர்கஸ் என்னும் சிறு உலகு அவற்றுள் ஒன்று; புளூட்டோவை ஒத்த காலத்தில் அதுவும் சூரியனைச் சுற்றுகிறது. 1989இல் புளூட்டோ சூரியனுக்கு மிக அருகில் வந்தது. ஆர்கஸோ இப்போது தன் பாதையின் தொலைக்கோடியை ஒட்டி நிற்கிறது.