சுண்ணாம்புப் படையும் ரோபோவும்

2020 மார்ச் மாதத்தில் ஹொங்கொங்கின் எம்.டி.ஆர். புகையிரத நிறுவனம் புதியதொரு துப்புரவுத் தொழிலாளியைப் பணியில் இறக்கியது. ஆளற்ற பெட்டிக்குள் தானே நகர்ந்து, ஹைட்ரஜன் பெரொக்சைட்டை நுண்துளிகளாகத் தெளிக்கும் ரோபோ அது. எட்டுப் பெட்டிகள் கொண்ட வண்டியொன்றைத் தொற்றுநீக்க அதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் தேவைப்பட்டது. கொவிட் அச்சத்தில் உறைந்திருந்த உலகம் அதனை வியந்து பார்த்தது.

கொள்ளைநோய்க் காலத்துச் சுத்திகரிப்பு அந்நகருக்குப் புதியதல்ல. 1894 மே மாதத்தில் அங்கு பிளேக் பரவியது. பிரித்தானிய ஆட்சியாளர், சீன மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தாய்பிங்ஷான் பகுதிக்கு ஷ்ரொப்ஷயர் காலாட்படையினரை அனுப்பினர். அவர்கள் வீடு வீடாக நுழைந்து தட்டுமுட்டுப் பொருட்களை எரித்தனர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், சடலங்களை அகற்றினர். 'வெள்ளையடிப்புப் படை' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. கப்டன் வேசி என்ற அதிகாரி அப்பணியில் நோய் தொற்றி மாண்டார். மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு ஓடினர். அவ்வாண்டில் இறந்தோர் 2,500 இற்கும் அதிகம்.

அதே ஜூனில் அலெக்சாண்டர் யெர்சின் அங்கேயே பிளேக் கிருமியை இனங்கண்டார். ஆனால், எலித்தெள்ளே அதனைக் காவுகிறது என்பதை பொல் லூயி சிமொன் கண்டறிந்தது 1898 இலேயே. சுவர் வெளுத்தது, எலியோ வளைக்குள் இருந்தது.

கொவிட் காலத்திலும் இதையொத்ததே நிகழ்ந்தது. உலகெங்கும் கைப்பிடிகளும் இருக்கைகளும் ஓயாது துடைக்கப்பட்டன. மாசடைந்த பரப்பொன்றைத் தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு, பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றிலும் குறைவு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. நோய் பெரிதும் பரவியது மூச்சுக்காற்றின் வழியே.

அப்படியாயின் ரோபோ வீணா? இல்லை. அது தெளிக்கும் வேளையில் மனிதர் அருகில் நிற்கலாகாது. நிற்கவேண்டிய தேவையும் இல்லை. கப்டன் வேசிக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. எனினும், ரோபோ வண்டிகளுக்குள் உலாவிய அதே காலத்தில், ஹொங்கொங் வீதிகளைக் கூட்டிய முதிய தொழிலாளர் பலர் போதிய முகக்கவசமின்றித் தவித்தனர்.

இயந்திரம் கண்ணுக்குத் தெரியும் தூய்மையைத் தரலாம். நோய் வரும் வழியைத் தேடும் அறிவையும், துடைப்பம் ஏந்தியவரைக் காக்கும் மனத்தையும் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. அவை ஆள்வோரிடம் இருக்கவேண்டியவை.