பீங்கான் வெனீர்

முன்பற்களின் வெளிமுகத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு வெனீர் எனப்படுகிறது. அதன் கனம் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. ஏறக்குறைய விரல்நகத்தின் கனம். பேச்சுவழக்கில் 'கேப்' என்று சொல்லப்படும் உறை, பல்லைச் சுற்றிலும் மூடுவது. அதற்காகப் பல்லை நாற்புறமும் சீவ வேண்டும். வெனீருக்கு முன்முகத்தைச் சிறிதளவு சீவினால் போதும். சிலருக்கு அதுவும் தேவைப்படாது.

பீங்கான் வாய்க்குள் வந்த கதை பாரிஸில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் பல்செட்டுகளை நீர்யானைத் தந்தத்தில் செதுக்கினார்கள். எச்சிலில் ஊறி அவை நாற்றமெடுக்கும். அப்படியொன்றை அணிந்து அலுத்துப்போன மருந்துக்கடைக்காரர் அலெக்சிஸ் டுஷாத்தோ, 1774இல் பீங்கானில் பல்செட் செய்து பார்த்தார். சூளையில் பீங்கான் சுருங்கியதால் அளவு பொருந்தாமல் போயிற்று. பல் மருத்துவர் டுபுவா டி ஷெமான் அந்த முயற்சியைச் சீர்செய்து முன்னெடுத்தார். அடுத்த நூற்றாண்டின் இறுதியில், டெட்ராய்ட் நகரத்தின் சார்லஸ் லேண்ட் மெல்லிய பிளாட்டினத் தகட்டின்மேல் பீங்கானைச் சுட்டுத் தனிப்பல்லுக்கு உறை செய்தார். அட்லாண்டிக்கை விமானத்தில் தனியாகக் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க், இவருடைய மகள்வயிற்றுப் பேரன்.

பல்லின் முகத்தை மட்டும் மூடும் யோசனை ஹாலிவுட்டில் பிறந்தது. கோணல் பல்லும் இடைவெளியும் திரையில் பன்மடங்காகத் தெரிந்ததால், 1930களின் நடிகர்களுக்கு சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய தகடுகள் செய்து கொடுத்தார். பால்பற்கள் விழத் தொடங்கிய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பொக்கையை மறைத்தவரும் இவரே. பல்செட்டை ஈறில் நிறுத்தும் ஒட்டுப்பொடிதான் அந்தத் தகடுகளுக்கும் பிடிமானம். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அணிந்துகொண்டு சாப்பிட முடியாது. வெனீரின் வடிவம் அன்றே கிடைத்துவிட்டது. கிடைக்காதது பசை. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் வெனீரின் வரலாற்றைப் பீங்கானின் வரலாறு என்பதைவிடப் பசையின் வரலாறு என்பதே பொருத்தம்.

1955இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பல் ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர் அந்தப் பசைக்கு வழி திறந்தார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல்லின் எனாமலில் அரை நிமிடம் பூசிக் கழுவிவிட்டு, மேலே அக்ரிலிக் பிசினை வைத்தார். சாதாரணப் பல்லில் சீக்கிரமே பெயர்ந்துவிடும் பிசின், அமிலம் பட்ட பல்லில் பலமடங்கு காலம் நின்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை அமிலம் தோண்டியிருந்தது. பிசின் அவற்றுள் வேர்போல இறங்கிக்கொண்டது.

பல்லின் பக்கம் முடிந்தது. பீங்கானின் பக்கம் மிச்சமிருந்தது. 1975இல் பிரான்ஸின் அலன் ரோஷெத், உடைந்த முன்பல்லில் பீங்கான் துண்டைப் பிசினால் ஒட்டிக் காட்டினார். 1983இல் ஆய்வாளர்கள் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானின் உட்புறத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்தால் பிசின் உறுதியாகப் பற்றுகிறது என்று நிறுவினார்கள். அரித்தபின் அந்தப் பளபளப்பான உட்புறம் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிவிடும். அதன்மேல் பூசப்படும் சைலேன் என்ற திரவம், ஒரு கையால் பீங்கானையும் மறுகையால் பிசினையும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டும்வரை வெனீர் சற்று அழுத்தினாலே நொறுங்கும். ஒட்டியபின் அதே தகடு கடிக்கும் விசையைத் தாங்குகிறது. கையிலிருந்து நழுவினால் உடைகிற டைல்ஸ், சிமென்ட்டில் பதித்தபின் பீரோவைத் தாங்குவதில்லையா, அப்படித்தான். 10 ஆண்டுகள் கழித்தும் வெனீர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிலைத்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பின்னர் வந்த லித்தியம் டைசிலிகேட் பீங்கான் இன்னும் வலுவானது.

வெளுப்பாக்கும் மருந்துக்குப் படியாத கறைகளுக்கு வெனீர் பெரிய உதவி. பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் மருந்து உண்டவர்களின் சாம்பல் நிறப் பற்கள், விளிம்பு உடைந்த பற்கள், முளைபோலச் சிறுத்த பக்கவெட்டுப்பற்கள், முன்பல் இடைவெளி ஆகியவற்றை அது சீராக்கும். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழுப்புத் திட்டுகள் படிந்த பற்கள் பலருக்கு உண்டு. வாயைப் பொத்திச் சிரித்துப் பழகிய அப்படியொரு பெண்ணுக்கு வெனீர் தருவதை வெறும் ஒப்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் பல்லைக் காப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற நல்ல தண்ணீர்தான். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கும், எனாமல் பெரும்பகுதி தேய்ந்தவர்களுக்கும் வெனீர் எளிதில் உடையும் அல்லது பெயரும். சொத்தையும் ஈறுநோயும் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும்.

சீவிய எனாமல் திரும்ப வளராது. அதற்குக் கீழுள்ள டென்டினில் பசையின் பிடியும் எனாமலில் உள்ளதுபோல் உறுதியாக இருப்பதில்லை. விளம்பரப் புன்னகைக்காக நல்ல பற்களைக் கூர்மையான கட்டைகளாகச் சீவி உறை மாட்டிவிட்டு, அதையும் வெனீர் என்று சொல்லி விற்பது பெருங்கொடுமை. கவனமான மருத்துவர்கள் முதலில் மெழுகில் புதுப்பல்லின் வடிவத்தைச் செய்கிறார்கள். அதை அச்செடுத்து, தற்காலிகப் பிசினால் நோயாளியின் பல்மேலேயே படியச் செய்கிறார்கள். கண்ணாடியில் பார்த்து அவர் சம்மதித்தபின், அந்தப் பிசின்மேல்தான் ஆழம் அளக்கும் கோடுகளை இழுக்கிறார்கள். பல இடங்களில் அந்தக் கோடு பிசினோடு நின்றுவிடுகிறது. அங்கெல்லாம் எனாமல்மீது கருவி படுவதே இல்லை.