காலதர், சன்னல், சன்ஷேடு: மட்டாஞ்சேரியின் நடு நூற்றாண்டு வீட்டுக்கு எந்த மறைப்பு?

1950, 60களில் எழுந்த கான்கிரீட் வீடு ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் கேள்வி, சன்னலுக்கு எதை மாட்டுவது என்பது. கடைக்காரர் விரித்துக்காட்டும் மாதிரிப் புத்தகத்தில் சுருள் திரை, வெனீஷியன் பட்டைத் திரை, செங்குத்துப் பட்டைத் திரை, துணித்திரை என நான்கைந்து வகைகள் இருக்கும். நிறத்திலும் துணியிலும் விலையிலும் அவை வேறுபடும். ஆனால் எல்லாமே கண்ணாடிக்கு உட்புறம் தொங்குபவை. மட்டாஞ்சேரி போன்ற ஈரக் கடற்கரை ஊரிலோ சன்னல் மறைப்பின் வரலாறு பெரிதும் கண்ணாடிக்கு வெளியே, பல வேளைகளில் கண்ணாடியே இல்லாமல் நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை அறியாமல் நடு நூற்றாண்டு வீட்டுக்கு மறைப்புத் தேர்ந்தெடுப்பது, அவ்வீட்டின் அடிப்படை எண்ணத்தையே மாற்றிவிடும் என்பதே இப்பதிவின் வாதம்.

மொழியியல் மாணவனாக, சொற்களிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் சன்னலுக்கு உரிய பழஞ்சொற்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே பொருள். புகார் நகர மாளிகைகளுக்கு மானின் கண்போன்ற காலதர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. பலகணி என்னும் சொல்லிலோ பல கண்கள் உள்ளன: துளைகள் நிறைந்த தடுப்பு அது. சாளரம் என்பதை, வலையைக் குறிக்கும் ஜாலம் என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். ஆங்கிலத்தின் விண்டோ என்னும் சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து பிறந்ததே. இச்சொற்களுள் எதிலும் கண்ணாடி இல்லை. காற்றும் துளையும் வலையும் கண்ணுமே உள்ளன.

இன்று நாம் அன்றாடம் வழங்கும் சன்னல், போர்த்துக்கீசியரின் ஜனேலா. சாவி, அலமாரி, மேசை ஆகியவை வந்த அதே கடல்வழியில் வந்த சொல். மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானாலா, மலாயில் ஜெண்டேலா என்று இந்தியப் பெருங்கடலின் கரைகள் நெடுகிலும் அது தங்கிவிட்டது. கொச்சியில் போர்த்துக்கீசியர் 1503இல் கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் மூன்று ஐரோப்பிய ஆட்சிகள் இங்கே கட்டினாலும், மட்டாஞ்சேரியின் கட்டடங்கள் முழுமையாக ஐரோப்பியமாகிவிடவில்லை. கொச்சி மன்னருக்காகப் போர்த்துக்கீசியர் 1555ஐ ஒட்டிக் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனை, நடுவே முற்றம் வைத்த நாலுகெட்டாகவே நிற்கிறது. 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தை அடுத்த ஜூ டவுன் தெருவில், மாடிச் சன்னல்களின் மரக்கதவுகள் தெருவை நோக்கித் திறக்கின்றன. கடல் தாண்டி வந்த சொல், உள்ளூர்த் தச்சரின் கையில் உள்ளூர்க் காலநிலைக்கு ஏற்ப வடிவெடுத்தது.

அவ்வடிவங்களுள் மிக நுட்பமானது, சாய்ந்த மரப்பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டைக் கதவு. மழைச்சாரலைத் தள்ளிவிடும், வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், உள்ளிருப்பவரை வெளியே காட்டாமல் வெளியை உள்ளிருப்பவருக்குக் காட்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பொழியும் ஊரில், மழை நாளிலும் அடைக்கத் தேவையில்லாத சன்னல் எத்தனை பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஐரோப்பியர் இட்ட பெயர்கள் சுவையானவை. ஆங்கிலேயர் இதை வெனிஸ் நகரத்தோடு சேர்த்தனர். பிரெஞ்சுக்காரர் 'பெர்சியென்' என்று பாரசீகத்தோடு சேர்த்தனர். ஒளிந்து பார்க்கும் வசதியை எண்ணியோ என்னவோ, பொறாமை எனப் பொருள்படும் 'ஜலூசி' என்ற பெயரும் ஏற்பட்டது. ஒவ்வொருவரும் இதைத் தமக்குக் கிழக்கேயிருந்து வந்ததாகவே கருதினர் என்று தோன்றுகிறது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஜில்மில் என்ற இந்தியப் பெயரையும், மூங்கில் சீவலால் பின்னிய 'சிக்' திரையையும், வெட்டிவேர் வேய்ந்து நீர் தெளிக்கும் தட்டியையும் தனித்தனிப் பதிவுகளாகத் தருகிறது. அந்த வெட்டிவேர் நம் சொல்லே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போனது.

இனி இருபதாம் நூற்றாண்டு. நவீனத்துவம் என்றாலே கண்ணாடிச் சுவர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நம் கடற்கரையில் அதற்கு நேரெதிரான சான்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் களத்தில் இருந்து கட்டுமானத்தைக் கவனித்தனர். 1937இல் தொடங்கிய பணி 1940களில் நிறைவுற்றது. இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் போற்றும் அவ்விடுதியின் வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடியே கிடையாது. சுவரின் இடத்தைத் தரை முதல் கூரை வரை, கையால் திருப்பக்கூடிய கிடைப்பட்டைகள் நிரப்பியுள்ளன. அறைக்கும் நடைவழிக்கும் இடையே, மூடினாலும் காற்றைவிடும் தேக்குப் பட்டைக் கதவுகள் நகர்கின்றன. அங்கே சன்னலும் சுவரும் மறைப்பும் ஒன்றே.

உலகின் பிற இடங்களிலும் இதே சிந்தனை நடந்தது. கலிபோர்னியப் பாலைநிலத்தில் ரிச்சர்ட் நாய்ட்ரா 1946இல் முடித்த காஃப்மன் வீட்டில், திருப்பத்தக்க செங்குத்து அலுமினியப் பட்டைகள் வெளிப்புறத்திலேயே நின்றன. அகமதாபாத் ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் (1954) லெ கொர்பூசியே மேற்கு முகப்பின் கான்கிரீட் தடுப்புகளைச் சாய்வாகவும் கிழக்கு முகப்பினவற்றை நேராகவும் அமைத்தார். திசைதோறும் வெயில் வேறு என்பதை அக்கட்டடம் வெளிப்படையாகக் காட்டுகிறது. 1956இல் மேக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் ஈரவெப்ப மண்டலக் கட்டடக்கலை பற்றி நூல் எழுதினர். 1957இல் ஒல்ஜாய் சகோதரர்கள் வெயில் தடுப்புக் கருவிகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டனர். மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞராகவும் பின்னர் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராகவும் இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், தம் அனுபவத்தை 1974இல் வெப்பமண்டல வீட்டுக் கையேடாக உடனாசிரியர்களோடு தந்தார். இவர்களுக்குப் பொதுவான பாடம், வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது.

காரணம் எளிய இயற்பியல். சூரிய ஒளியின் குற்றலைகளைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. உள்ளே தொங்கும் திரை அவற்றை ஏற்றுச் சூடாகி, நெட்டலை வெப்பமாக வெளியிடுகிறது; அந்த நெட்டலையைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. வெண்ணிறத் திரை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும். எனினும் எஞ்சிய வெப்பம் அறைக்கே சொந்தம்.

'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்ற பெயரே, காரா கிரீன்பெர்க் 1984இல் எழுதிய அறைகலன் பற்றிய நூலால் பரவியது. 1955இல் வீடு கட்டிய கொச்சிக்காரர் தம் வீட்டை அப்படி அழைத்திருக்க இயலாது. அவருக்கு அது வார்க்க வீடு, அதாவது வார்த்த கூரை வீடு; தென் தமிழ்நாட்டார் வழக்கில் தார்சு வீடு. அறைகலனிலிருந்து வந்த பெயர் என்பதாலோ என்னவோ, இன்று அப்பாணியை நாடுவோர் வீட்டின் உட்புறத்தையே பார்க்கின்றனர். இதே வேறுபாடு சொல்லிலும் உண்டு. அமெரிக்கரின் 'விண்டோ ஷேடு' சன்னலுக்கு உள்ளே இழுத்துவிடும் துணி. நம் கொத்தனார் சொல்லும் 'சன்ஷேடு' சன்னலுக்கு மேல் வெளியே நீளும் கான்கிரீட் பலகை. ஆங்கிலச் சொல்லை வாங்கினாலும் அதன் பொருளை வெளியே வைத்த தெளிவு நம் கட்டுமானத் தொழிலாளருடையது.

இனித் தேர்வுக்கு வருவோம். கொச்சி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் தெற்கு வானில் சூரியன் சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். 120 செ.மீ. உயரமுள்ள தெற்குச் சன்னலை அந்த வெயிலிலிருந்து முழுதும் காக்க ஏறத்தாழ 80 செ.மீ. நீளும் சன்ஷேடு வேண்டும். வழக்கமான இரண்டடிச் சன்ஷேடு அதில் முக்கால் பங்கைக் காக்கும். ஆனால் மேற்குச் சன்னலில், மார்ச் மாத மாலை 4.30 மணியளவில் சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிடும். அதே சன்னலுக்கு அப்போது இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும் பலகை தேவை. அது நடவாது. எனவே கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்குத் திருப்பக்கூடிய பட்டைக் கதவோ, வெளிப்புறத்தில் சுருட்டி ஏற்றும் மூங்கில் சிக்கோதான் பொருந்தும்.

ஆகவே வரிசை இதுவாக இருக்கலாம். முதலில் இருக்கும் சன்ஷேடைப் பழுதுபாருங்கள். கம்பி துருப்பிடித்தது என்பதற்காக அதை இடித்து 'மென்மையான முகப்பு' செய்ய வேண்டாம். அடுத்து, மேற்கிலும் கிழக்கிலும் வெளிமறைப்பு. வீட்டின் பழைய கண்ணாடி லூவர்கள் இன்னும் திரும்புமாயின் அவற்றைக் காத்துக்கொள்ளுங்கள். அவை காற்றை விடுபவை, வெளியே நிழல் மட்டும் சேர்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் பிறகே உள்திரை. இரவில் மறைவுக்கும் மேகமூட்ட நாளின் வெண்வானக் கூசலைக் குறைக்கவும் மெல்லிய பருத்தி போதும். ரப்பர் பூசிய கனத்த இருட்டுத் திரை, சன்னலைத் திறந்தாலும் காற்றை மறிக்கும். மழைமாத ஈரத்தில் பூஞ்சைக்கும் இடம் தரும். புதிதாகச் செய்ய வசதியுள்ளவர், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் லாரி பேக்கர் கட்டிய செங்கல் துளைச்சுவர்களைப் பார்த்துவரலாம். பலகணி என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கவுரை கிடைப்பது அரிது.

இது வெறும் அழகியல் விவாதம் அன்று. உட்திரையும் அடைத்த கண்ணாடியும் சேர்ந்த வீட்டில் குளிர்பதனி இல்லாமல் வாழ இயலாது. காற்றுவழி அடைபட்டபின் அந்த வீடு மின்கட்டணம் செலுத்த இயன்றவருக்கு மட்டுமே வீடாகிறது. இதற்கிடையில் ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் சன்னல்களும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. அங்கிருந்து அவை விடுதிகளின் வரவேற்பறைச் சுவருக்கும் உணவகத்தின் மேசைப் பலகைக்கும் போகின்றன. வெயிலையும் மழையையும் தாங்கவென்று செய்யப்பட்ட ஒன்று, குளிரூட்டிய அறையில் அலங்காரமாகத் தொங்குகிறது.

மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி எனப் பல மொழிகள் புழங்குகின்றன. சன்னலின் உறுப்புகளுக்கு, பட்டைக்கும் அதைத் திருப்பும் கோலுக்கும் கொக்கிக்கும் கீலுக்கும், இத்தனை மொழிகளின் தச்சர்கள் என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்பது முதுகலை ஆய்வேட்டுக்குத் தகுந்த பொருள். ஆர்வமுள்ள மாணவர்கள் ஒரு தெருவையேனும் எடுத்துக்கொண்டு, சன்னல் சன்னலாகப் படமெடுத்து, திசை குறித்து, தச்சரின் சொல்லைப் பதிவுசெய்ய வேண்டுகிறேன். கதவு கடைக்குப் போனபின் அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதை யாராலும் சொல்ல முடியாது.