கரியிலிருந்து மின்கம்பிக்கு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே திறக்கப்பெற்றது. அன்று தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் நாட்டில் இரயில் என்றாலே நீராவியால் ஓடுவது என்றே மக்கள் அறிந்திருந்தனர். ‘புகைவண்டி’ என்று நாம் வழங்கும் சொல்லே அதற்குச் சான்று. இன்று புகை மறைந்தது. சொல் மட்டும் நிலைத்தது. அப்புகை மறைந்த வரலாறு, உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களில் பிறந்த நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய வரலாறாகும்.

நீராவி எஞ்சினின் அமைப்பு எளியது. அடுப்பில் நிலக்கரி எரியும். கொதிகலனில் நீர் ஆவியாகும். அவ்வாவி உந்துதண்டைத் தள்ளச் சக்கரம் சுழலும். ஆனால் அதனை இயக்கிய மனிதரின் பாடு எளியதன்று. ஓடும் வண்டியில் அனல் முகத்தில் அடிக்க, டன் கணக்கான கரியைப் பயர்மேன் மண்வாரியால் அள்ளி அடுப்பில் எறிய வேண்டும். வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே அடுப்பை மூட்ட வேண்டும். லோகோ ஷெட்டில் கரி ஏற்றுதல், சாம்பல் குழியை வாருதல், எஞ்சினைத் துடைத்தல் ஆகிய வேலைகளுக்குக் கூட்டங் கூட்டமாக ஆட்கள் தேவைப்பட்டனர். இவ்வேலைகள் கல்வியைக் கேட்கவில்லை. தோள்வலிமையை மட்டுமே கேட்டன. கிளீனராகச் சேர்ந்தவர் பயர்மேனாகிப் பல்லாண்டுகள் கரியோடு போராடிய பின்னரே டிரைவராக உயர முடிந்தது.

இத்தகைய எஞ்சின் ஏன் கைவிடப்பட்டது? கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூட அது இழுவிசையாக மாற்றவில்லை. எஞ்சியது புகைபோக்கி வழியே வீணாயிற்று. வழியெங்கும் அதற்கு நீர் வேண்டும்; தொலைவிலுள்ள சுரங்கங்களிலிருந்து கரியும் வந்தாக வேண்டும். அக்கரியைச் சுமக்கவே தனி வண்டிகள் ஓடின. டீசல் எஞ்சினோ எரிபொருளைப் பன்மடங்கு சிக்கனமாகப் பயன்படுத்தியது. நினைத்த பொழுதில் புறப்பட்டது. மின் எஞ்சினுக்குத் தன் எரிபொருளைத் தானே சுமக்கும் பாரமும் இல்லை.

இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3 ஆம் நாள் பம்பாயில் ஓடியது. நம் சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையிலான மீட்டர் கேஜ் பாதையில் 1931 இல் மின்சார இரயில் வந்தது. 1960களில் அம்மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. 1962 முதல் அமெரிக்காவிலிருந்து 2600 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின்கள் வந்தன. 1964 இல் வாரணாசித் தொழிற்சாலை அவற்றை இங்கேயே உருவாக்கத் தொடங்கியது. 1950 இல் நீராவி எஞ்சின் செய்யத் தொடங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை, 1961 இல் மின் எஞ்சினையும் செய்து, 1972 இல் நீராவி எஞ்சின் உற்பத்தியை அறவே நிறுத்தியது. திருச்சி பொன்மலைப் பணிமனையும் அவ்வாறே நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதிலிருந்து டீசல் எஞ்சின்களுக்கு மாறிற்று.

எண்களை நோக்குக. 1951 இல் இந்திய இரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் 8,120, டீசல் 17, மின்சாரம் 72. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991 இல் நீராவி 2,915 ஆகக் குறைய, டீசல் 3,759 ஆகவும் மின்சாரம் 1,743 ஆகவும் உயர்ந்தன. அகலப்பாதையின் கடைசி நீராவிப் பயணிகள் வண்டி 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஓடி ஓய்ந்தது. இன்று மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையிலான நீலகிரி மலைப்பாதை போன்ற சில இடங்களிலேயே நீராவி எஞ்சினைக் காண்கிறோம். அகலப்பாதையின் மிகப் பெரும்பகுதி மின்மயமாகிவிட, டீசலும் இப்போது பின்வாங்குகிறது.

இளைஞர்களே, இம்மாற்றத்தில் நமக்குரிய பகுதி யாது? கரியோடு கரி சுமந்தவனின் வேலையும் போயிற்று. பயர்மேன்களுள் பயிற்சி பெற்றுத் தேறியவர்கள் டீசல் அசிஸ்டென்ட் ஆயினர். மண்வாரி இருந்த இடத்தில் மின்சுற்று வரைபடம் வந்தது. அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கே எஞ்சினில் இடம். இன்று உதவி லோகோ பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ஐ.டி.ஐ. சான்றிதழோ பொறியியல் பட்டயமோ வேண்டும். கணினிவழித் தேர்விலும் வெல்ல வேண்டும்.

வாயிற்கதவு நமக்கு மூடப்படவில்லை. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943 இல் மத்திய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு நூற்றுக்கு 8⅓ இடங்கள் ஒதுக்கப்பட்டன. அது பின்னர் 12½ ஆகி, 1970 முதல் 15 ஆக உள்ளது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்திற்கும் தகுதிச் சான்று வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கு அந்தப் பதினைந்தில் ஒன்றும் கிட்டாது. ஒப்பந்தக்காரரிடம் துடைப்பமும் சுமையுமே அவனுக்கு மிஞ்சும். அங்கே பணிக் காப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

நம் முன்னோர் தோளை நம்பி வாழ்ந்தனர், அதில் இழிவில்லை. ஆயினும் எந்திரம் மாறியபோது தோளுக்கு விலை போயிற்று. படித்த கைக்கு விலை ஏறிற்று. நாளை எந்திரம் மீண்டும் மாறும். அப்போதும் மாறிக்கொள்ள வல்லவன் கணக்கும் அறிவியலும் கற்றவனே. ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். மாணவர்களே, கணக்குப் பாடத்திற்கு அஞ்சி ஒதுங்காதீர்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் விளக்கு எரியும் வரை உங்கள் இடம் காலியாக இருக்கலாகாது.