துவிச்சக்கரவண்டிக் கியர் (மலையேற்றம்)

பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதைத் தீர்மானிக்கும் பற்சில்லு ஏற்பாடே துவிச்சக்கரவண்டியின் கியர். சமதரையில் இது வேகத்தைப் பற்றிய விடயம். ஏற்றத்திலோ, வண்டியில் இருந்தபடி ஏறுவதா, இறங்கித் தள்ளுவதா என்பதையே இது முடிவு செய்கிறது.

கொழும்பில் அந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் திரும்பி வரும்போதும், கொட்டாஞ்சேனைக்கு அருகே வுல்பெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டிலும், புதுக்கடை நீதிமன்றப் பக்கமும் பெடலில் கொஞ்சம் கனம் தெரியும். மற்றப்படி நகரம் பெரும்பாலும் தட்டை. ஆனால் இதே நகரத்திலிருந்து புறப்படும் கண்டி வீதி 115 கிலோமீற்றரில் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அதற்கப்பால் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகப் போனால் 1,868 மீற்றரில் நுவரெலியா. கியர் வண்டிகள் அதிகம் ஓடுவது கடலோரத்தில். கியர் தேவைப்படும் தோட்டப்புறங்களிலோ சைக்கிளே அருமை. அங்கே சனம் நடக்கிறது, இல்லையென்றால் பஸ்ஸுக்கு நிற்கிறது. இலங்கையில் இந்தப் பொருளின் வரலாறு இந்த இசைகேட்டின் வரலாறுதான்.

கணக்கு

முன் பற்சில்லின் பற்களைப் பின் பற்சில்லின் பற்களால் வகுத்தால் கிடைப்பது கியர் விகிதம். அதைச் சில்லின் விட்டத்தால் பெருக்கி அங்குலத்தில் சொல்வது ஆங்கிலேய வழக்கம். செயின் வருவதற்கு முன்பு ஓடிய, முன்சில்லு ஆளுயரம் நின்ற வண்டிகளின் மிச்சம் இது. அவற்றில் பெடல் நேரே முன்சில்லின் அச்சில் இருந்தது. சில்லு எவ்வளவு பெரிதோ அவ்வளவே கியர். 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செயின் பூட்டிய ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்த பிறகு சில்லின் அளவுக்கும் கியருக்கும் இருந்த கட்டு அறுந்தது. அங்குலக் கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த 28 அங்குல ஒற்றைக் கியர் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீற்றர் அளவு போகும். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 20 கிலோ, ஏற்றம் நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர், அவர் காலில் 150 வாற்று வலு. வேகம் மணிக்கு ஏழு கிலோமீற்றர் சொச்சம். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 22, 23 சுற்றுக்கு மேல் சுற்றாது. பெடலில் விழவேண்டிய சராசரி அழுத்தம் 39 கிலோ எடைக்குச் சமம். கால் நேர் கீழே மிதிக்கும் கணத்தில் 60 கிலோவைத் தொடும். அதாவது அவர் தன் முழு உடம்பையும் ஒவ்வொரு மிதிக்கும் பெடலில் ஏற்றி இறக்கவேண்டும். சீற்றைவிட்டு எழும்பி நின்று உழக்குவது இதனால்தான். இரண்டு வளைவு வரை தாங்கும், பிறகு இறங்கித் தள்ளுவார்.

இதே ஆளுக்கு 26 அங்குலச் சில்லோடு முன்னே 28 பல், பின்னே 28 பல் உள்ள வண்டியைக் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர் மட்டுமே நகரும். வேகம் அதேதான். பெடல் நிமிடத்துக்கு அறுபது சுற்றுப் போகும், அழுத்தம் 15 கிலோவுக்கு இறங்கும். கியர் வலுவைக் கூட்டித் தருவதில்லை. அதே வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தருகிறது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் பொறிமுறை நயம், வேக விகிதம் என்று பாடமாக்கிய விடயமே இது. பரீட்சையில் சரியாக எழுதியவர்கள்கூட கடுகண்ணாவை ஏற்றத்தில் ‘சின்னக் கியர் போட்டால் வேகமாக ஏறலாம்’ என்று வாதாடுவதைக் கேட்கலாம்.

ஒற்றைப் பல்லும் கண்டி வீதியும்

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் கீழ் 1820களில் வெட்டப்பட்ட கொழும்பு–கண்டி வீதி படைக்கும் கரத்தைக்குமாகப் போடப்பட்டது. அதை அமைத்த பொறியியலாளர்களில் ஒருவரான கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. மாட்டுவண்டி ஏறத்தக்க சரிவைத் தேடி மலையைச் சுற்றிச் சுற்றிப் போன பாதை என்பதால், சைக்கிள்காரருக்கும் அது ஓரளவு இரக்கம் காட்டுகிறது. பின்னாளில் லொறிக்கும் ஜீப்புக்குமாக வெட்டிய தோட்டப் பாதைகளில் அந்த இரக்கம் இல்லை. 1867இல் கண்டிக்குப் போன ரயில் இதே மலையில் 45 அடிக்கு ஓரடி ஏறவேண்டியிருந்தது. றம்புக்கணையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளவைத்துச் சமாளித்தார்கள். சைக்கிள்காரருக்கு இரண்டாவது எஞ்சின் கிடையாது. அவர் பற்களோடுதான் மல்லுக்கட்டவேண்டும்.

இலங்கையில் அரசாங்கத் தமிழ் ‘துவிச்சக்கரவண்டி’ என்று எழுத, ஊர் ‘சைக்கிள்’ என்று சொன்ன அந்தக் கறுப்பு வண்டி நீர்கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அளவெடுத்துத் தைத்தது போன்றது. ராலி, ஹம்பர், ரட்ஜ் என்று இங்கிலாந்திலிருந்தும், பிற்காலத்தில் இந்தியாவிலிருந்தும் வந்தது, பாணந்துறையில் லுமாலாவாகவும் உருவானது. கரியரில் ஒரு மூட்டை, பாரில் ஒரு பிள்ளை, கான்டிலில் இரண்டு பை. காற்று எதிர்த்தால் தவிர வேறு ஏற்றம் அதற்குத் தெரியாது. 1990இல் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்ட பிறகு யாழ்ப்பாணமே அதன்மேல் ஓடியது. விறகு, நெல், நோயாளி என்று எல்லாவற்றையும் அது சுமந்தது, டைனமோவைச் சுழற்றி றேடியோவும் கேட்கவைத்தது. அந்த ஓட்டம் அத்தனையும் ஒரே பல்லில். குடாநாட்டில் மலை என்று ஒன்று இருந்திருந்தால் கதை வேறு.

மேட்டுப்பகுதியில் ஓடவேண்டியவர்களுக்கு ஒரு மலிவான வழி இருந்தது, இன்றும் இருக்கிறது: பின்னே பல்லைக் கூட்டிப் போடுவது. புறக்கோட்டை டாம் வீதியின் சைக்கிள் கடைகளிலும், கொட்டாஞ்சேனைப் பக்கத்து திருத்தகங்களிலும் இந்த வேலை அரைமணியில் முடியும். சில்லைக் கழற்றி, 18 பல் பிறீவீலின் இரண்டு வெட்டுக்குள் சாவியைப் பொருத்தி, இடப்பக்கமாக ஓங்கி ஒரு இழுப்பு. சாவி இல்லாத இடத்தில் ஒரு புள்ளி உளியும் சுத்தியலும். வருடக்கணக்கில் உழக்கிய கால் அந்தப் பிறீவீலை இறுக்கிக்கொண்டே வந்திருக்கும் என்பதால் முதல் சுற்றுக்கு வியர்வை கொட்டும். மிச்சம் விரலால் கழரும். 22 பல் ஏறியதும் செயின் எட்டாது, இரண்டு கண்ணி கூட்டவேண்டும். இத்தனைக்கும் பிறகு வண்டி சுற்றுக்கு நாலரை மீற்றர் போகும். முன்னைய ஐந்தரையோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு இலேசு. செவ்விளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடேறுபவருக்கு அந்த ஐந்தில் ஒன்று பெரிய விடயம். தட்டைத் தெருவுக்கு வந்ததும் கால் வீணாகச் சுழலும். அது கொடுக்கவேண்டிய விலை.

மலைநாடுகளில் நடந்தது

பல கியர்களுக்கான தேடல் ஐரோப்பிய மலையடிவாரங்களில் தொடங்கியது. பிரான்சின் சென்ற் எத்தியேன் நகரில் சைக்கிள் கடையும் பத்திரிகையும் நடத்திய, ‘வெலோசியோ’ என்ற புனைபெயர் கொண்ட போல் தெ விவி (1853–1930), இரண்டு முன் பற்சில்லுகளை வைத்து, இறங்கிக் கையால் செயினை மாற்றிப் பார்த்து, பிறகு இறங்காமலே செயினைத் தள்ளும் பொறிகளுக்காக ஆயுள் முழுக்க வாதாடினார். 1902இல் பிரெஞ்சு சுற்றுலாக் கழகம் ஒரு மலைப்பாதைச் சோதனை வைத்தது. மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண், ஒற்றைக் கியர் ஓட்டிய ஆண் பந்தய வீரரை முந்தினார். ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தை உருவாக்கிய ஆன்றி தெகிராஞ்சுக்கு அது உறைக்கவில்லை. கியர் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்பது அவர் கட்சி. 1910இல் அவர் பந்தயம் துர்மலே கணவாய் வரை ஏறிய பிறகும் வீரர்கள் மலையடியில் இறங்கி, இருபக்கமும் வேறு வேறு பல் கொண்ட பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். செயின் மாற்றும் பொறி அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது 1937இல். பிடிவாதத்துக்கு முப்பத்தைந்து வருடம் நீண்ட ஆயுள்தான்.

கொழும்புக்கு வந்து சேர்ந்த கியர் பிரெஞ்சு வகை அல்ல, ஆங்கில வகை. 1902இல் நொட்டிங்காமில் ராலி கம்பனியின் பிராங்க் பௌடனின் கீழ் உருவான ‘ஸ்டர்மி-ஆர்ச்சர்’ மூன்று கியர், பின்சில்லின் குடத்துக்குள்ளேயே அடங்கியது. நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கும் 20 பல் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் நான்கு சிறு சக்கரங்கள், வெளியே 60 பல் வளையம். செயின் எந்தப் பாகத்தைச் சுழற்றுகிறது, குடம் எந்தப் பாகத்தோடு சுற்றுகிறது என்பதைக் கான்டிலில் உள்ள விசை மாற்றும். 1936இல் வந்த அதன் ‘ஏடபிள்யூ’ மாதிரி மூன்றாம் கியரில் சில்லை மூன்றிலொரு பங்கு கூடுதலாகவும், முதற்கியரில் காற்பங்கு குறைவாகவும் சுற்றவைத்தது. மழையும் தூசியும் உள்ளே போகாது, எண்ணெய் மட்டும் விட்டால் போதும். இலங்கைக் காலநிலைக்கு இதைவிடப் பொருத்தமான கியர் பிறகு வரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஆனால் மலைக்கு அந்தக் காற்பங்கு போதாது. முதற்கியரில் சுற்றுக்கு நாலு மீற்றர் சொச்சம். மேலே சொன்ன 22 பல் வித்தையையும் சேர்த்தால்தான் மூன்றேகாலுக்கு அருகே இறங்கும்.

மற்ற வகை, செயினை ஒரு பல்லிலிருந்து மற்றதற்குத் தள்ளும் வகை, 1950 அளவில் இத்தாலியின் கம்பஞோலோவாலும், 1964இல் யப்பானின் சன்டூர் கம்பனி கொண்டுவந்த சரிந்த இணைகர அமைப்பாலும் நம்பகமாகியது. சன்டூரின் காப்புரிமை முடிந்த கையோடு, 1980களின் நடுவில் ஷிமானோ அதை ‘டிக்’ என்று ஒவ்வொரு படியாக விழும் விசையோடு சேர்த்தது. கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் 1970களில் பிறந்த ‘மௌண்டன் பைக்’ முன்னே மூன்று, பின்னே ஐந்து என்று பற்சில்லுகளை அடுக்கியது. முன்னுள்ள மூன்றில் மிகச் சிறியதுதான் மலையேறும் பல்.

மலைச் சைக்கிள் கடலோரத்தில்

1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு, 18 கியர், 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் கொழும்புக்கு வரத்தொடங்கின. யப்பானில் பாவித்த, முன்கூடை வைத்த வண்டிகள் மூன்று கியர் குடத்தோடு தனியாக வந்தன. வெள்ளவத்தை மாடிவீடுகளின் கீழ்த்தளத்தில் இன்று சங்கிலி போட்டுக் கட்டிக் கிடப்பவற்றைப் பார்த்தால் பெரும்பாலானவை மலைச் சைக்கிள்கள். செயின் முன்னே நடுப் பற்சில்லில், பின்னே நடுவில் எங்கோ. சிறிய முன் பல்லில் கடையில் பூசிய எண்ணெய் அப்படியே காய்ந்து கறுத்திருக்கும். மரைன் டிரைவ் உப்புக்காற்று கியர் கம்பியைத் துருப்பிடிக்கவைத்து விசையை இறுக்கிவிட்டிருக்கும்.

2022இல் நிலைமை கொஞ்சம் மாறியது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, பெற்றோல் வரிசையை விட்டு வந்தவர்கள் சைக்கிள் கடைகளில் வரிசையானார்கள். விலை மளமளவென்று ஏறியது, பழைய வண்டிகள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. கியர் எதற்கு என்று பலர் முதல் தடவையாகக் கேட்டதும் அப்போதுதான். அந்த நாட்களில் பழகியவர்களில் ஒரு சிலர் கண்டிக்கும் அதற்கு மேலும் போக ஆசைப்பட்டார்கள்.

மலையேற்றத்தை விளையாட்டாக எடுத்தவர்கள் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இருந்தார்கள். 2008இல் தொடங்கிய நீலகிரிச் சைக்கிள் சுற்றுலா, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதையால் பெயர் பெற்றது. இலங்கையில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மகியங்கனைப் பாதையில் ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற ஏற்றம், இறம்பொடைக் கணவாய், ஹப்புத்தளைக்கு ஏறும் வீதி. 2012இல் அமெரிக்காவின் ஸ்ராம் கம்பனி முன்னே ஒரே பற்சில்லு, பின்னே 10 முதல் 42 வரை பதினொரு பற்சில்லு என்று கொண்டுவந்த பிறகு, விலைகூடிய வண்டிகளில் முன் மூன்று பற்சில்லு மறைந்துவருகிறது. மலிவான வண்டிகளில் அது இன்னும் இருக்கிறது. ஏறுபவருக்கு அது நட்டமல்ல.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். பழைய 28 அங்குல வண்டியின் கம்பி பிறேக், மழையில் நனைந்த இரும்பு றிம்மைப் பிடிக்காது. கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லை வரை இறங்குபவர், பின்னே எத்தனை பல் என்பதற்கு முன் பிறேக் கட்டையைத்தான் பார்க்கவேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ மலைநாட்டுக்குச் சைக்கிளில் புறப்பட நினைப்பவர், ஸ்டிக்கரில் எத்தனை கியர் என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். குந்தியிருந்து முன்னே மிகச் சிறிய பற்சில்லின் பல்லையும், பின்னே மிகப் பெரிய பற்சில்லின் பல்லையும் விரலால் தொட்டு எண்ணுங்கள். பின்னது முன்னதற்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் இறம்பொடை வரை இருந்தபடி ஏறலாம். குறைந்தால் தள்ளுவதற்கு ஏற்ற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்.