கீழ்வாலைப் பாறைக்கு என்ன வயசு?



பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுக்குக் காலம் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. அரசன் பெயர் இருக்கிறது, ஆட்சியாண்டு இருக்கிறது. அரிக்கமேட்டில் 1945-ல் வீலருக்கும் ஒரு பிடி கிடைத்தது. காலம் ஏற்கெனவே தெரிந்த இத்தாலிய அரெட்டைன் ஓடுகள் அவை. அதை வைத்துத்தான் கூடவே கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் கணித்தார். (1989-92-ல் விமலா பெக்லி மறுபடி தோண்டி, ஊரின் தொடக்கத்தை இன்னும் முன்னே கொண்டு போனது வேறு கதை.)

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறையில் அப்படிப் பிடி ஒன்றுமில்லை. செங்காவியில் மனித உருவங்கள், விலங்கின்மேல் ஒருவன், ஒரு படகு. அவ்வளவுதான். மூவாயிரம் வருஷம் என்பார் ஒருவர், ஐயாயிரம் என்பார் இன்னொருவர். "எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டால், உருவத்தின் சாயலைக் காட்டுவார்கள். சாயல் ஒரு துப்பு, அளவுகோல் ஆகாது.

கார்பன்-14 இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். சிக்கலே அங்கேதான். மரம், எலும்பு, கரி என்று ஒரு காலத்தில் உயிரோடிருந்ததற்குத்தான் அந்தச் சோதனை. செங்காவியோ இரும்பு கலந்த மண். அந்த மண்ணுக்கு வயசு கண்டாலும் அது ஓவியத்தின் வயசாகாது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு வழிகாட்டியது குளவி! நம் வீட்டு ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டுமே, அது மாதிரிதான். கிம்பர்லி பகுதியில், பழங்குடி மக்களின் பாறைக்குடைவு ஒன்றின் கூரையில் இரண்டு மீட்டர் நீளக் கங்காரு ஓவியம். அதன் அடியில் மூன்று பழங்கூடுகள், மேலே மூன்று. கூட்டு மண்ணில் காட்டுத்தீயின் கரித்துகள் கலந்திருந்தன, அவற்றைச் சோதித்தார்கள். அடியிலுள்ள கூடு ஓவியத்துக்கு மூத்தது, மேலுள்ளது இளையது, ஓவியம் நடுவில். 17,100 முதல் 17,500 ஆண்டுகள் என்று 2021-ல் முடிவு வெளியானது.

ஆக, படத்தின்மேல் ஒட்டியிருக்கும் அழுக்கே சாட்சி. நாம் பிக்னிக் போன இடத்தில் என்ன செய்கிறோம்? போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டுமென்று தண்ணீர் ஊற்றுகிறோம், ஈரத்துணியால் தேய்க்கிறோம், கூட்டைக் குச்சியால் தட்டிவிடுகிறோம். பேர் எழுதுகிறவனைத் திட்டுகிற நாமே இதைச் செய்கிறோம்.

வில்லியனூர், பாகூர்ப் பிள்ளைகள் விழுப்புரம் வழியாக ஒரே நாளில் போய் வரலாம். நோட்டும் பென்சிலும் போதும். குளவிக்கூடு கண்ணில் பட்டால் அது படத்துக்கு மேலா, கீழா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கை வைக்க வேண்டாம்.