சட்டகத்தின் ஓரம் எதைச் சொல்கிறது? பாலாவியும் படக்கட்டமைப்பும்

புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியில் இருக்கிறது பாலாவி. பெயரைக் கேட்டதும் பலருக்குத் திருக்கேதீச்சரத்தின் பாலாவித் தீர்த்தம் நினைவுக்கு வரும். இது வேறு ஊர். உப்பளங்கள், களப்பு, சீமெந்துத் தொழிற்சாலை ஆகியவையே இதன் அடையாளங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில்தான்.

இங்கே கமராவுடன் வருபவருக்கு இரண்டு படங்கள் எளிதில் கிடைக்கும். ஒன்று, வெள்ளை உப்புக் குவியலும் அந்திச் சூரியனும். மற்றது, ஓலைக் கொட்டில் வாசலில் கன்னத்தில் கைவைத்திருக்கும் ஒரு தாய். முதலாவதில் மனிதர் இல்லை. இரண்டாவதில் துயரம் தவிர வேறெதுவும் இல்லை. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதே படக்கட்டமைப்பு பற்றிய கேள்வி.

விதியும் தெரிவும்

படக்கட்டமைப்பு என்றால் பலரும் முதலில் சொல்வது மூன்றிலொரு பங்கு விதி. சட்டகத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைப்பது அது. கமரா பிறப்பதற்கு முன்பே, 1797இல் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஓவியத்துக்காக எழுதி வைத்த விதி. கண்ணுக்கு இதம் தரும். ஆனால் எதை உள்ளே எடுப்பது, எதை வெளியே விடுவது என்பதை அது சொல்லித் தராது.

நெருங்கும்போது இழப்பது

1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டொரதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' உலகறிந்த படம். முதலில் கூடாரம் முழுதும் தெரியும்படி எடுத்தவர், படிப்படியாக நெருங்கினார். இறுதிப் படத்தில் தாயின் முகமும், திரும்பி நிற்கும் பிள்ளைகளும் மட்டுமே மிஞ்சின. படம் வலிமை பெற்றது. இடமும் சூழலும் மறைந்தன. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

எனவே ஒருவரை அணுகும்போது மூன்று தூரங்களில் எடுங்கள்: வீடும் வீதியும் தெரியும் தூரம், அவர் செய்யும் வேலை தெரியும் தூரம், முகம் தெரியும் தூரம். கமராவை அவருடைய கண்மட்டத்தில் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால், நிவாரண வரிசையில் நிற்பவரைப் போல அவர் சிறுத்துப்போவார்.

உப்பளத்தில் ஒளி

வெள்ளை உப்பைக் கமரா சாம்பல் நிறமாக்கிவிடும்; அதன் முன் நிற்பவரின் முகம் கறுத்துப்போகும். கைத்தொலைபேசியில் முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்டினால் இது சீராகும். களப்பு மேற்கே இருப்பதால், மாலையில் களப்பைப் பின்னணியாக வைத்தால் மனிதர் நிழலுருவாகத் தெரிவார். முகத்தைக் காட்ட அஞ்சுபவருக்கு அது பாதுகாப்பு. தன் பெயரோடு பேச விரும்புபவரை அப்படி எடுத்தால், அவரை அழிப்பதற்குச் சமம்.

கத்தரிக்கும் முன்

வியட்நாமின் ட்ராங் பாங்கில் 1972 ஜூன் 8 அன்று, நேபாம் குண்டில் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படம் பதிவானது. பலமுறை அச்சான வடிவத்தில் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கும். முழுப்படத்தில், அங்கே ஒரு ஒளிப்படக்கலைஞர் பிலிம் மாற்றிக்கொண்டிருப்பது தெரியும். வெட்டியதால் கவனம் சிறுமிமேல் குவிந்தது. கூடவே, சம்பவ இடத்தில் ஊடகவியலாளர்கள் நின்றார்கள் என்ற தகவல் மறைந்தது.

எங்கள் மக்களுக்கு ஒளிப்படம் பெரும்பாலும் சாட்சியம். வெளியிட வெட்டலாம், ஆனால் வெட்டாத மூலக்கோப்பைத் திகதியோடும் இடத்தின் பெயரோடும் தனியே சேமித்து வையுங்கள். பின்னணியிலுள்ள பெயர்ப்பலகை, மதில், கிணறு போன்றவை பிற்காலத்தில் காணி உரிமையைப் பேசும்போது முகத்தைவிட முக்கியமாகலாம்.

படத்துக்குள் படம்

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் நமக்குத் தெரியும். அங்கே தாய்மார் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். செய்திப் படங்களில் தாயின் கண்ணீர் தெளிவாகவும், கையிலுள்ள படம் மங்கலாகவும் இருப்பதுண்டு. அவர் காட்ட வந்ததோ அந்தப் படத்தைத்தான். குவியத்தை அதன்மேல் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வெளிச்சம் பளிச்சிட்டால், படத்தைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்கும்படி கேளுங்கள். பெயரும் திகதியும் சட்டகத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாலாவியிலும் இதே அணுகுமுறை பொருந்தும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 'அகதி' என்று அழைக்கப்பட்டவர் இன்று கடைக்காரராக, ஆசிரியராக, உப்பளத் தொழிலாளியாக இருக்கலாம். எடுத்த படத்தை அவரிடமே காட்டுங்கள். "இதில் நான் இருக்கிறேனா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில், எந்தப் பாடநூலும் தராத திருத்தமாக இருக்கும்.